புல் தின்ற ஆடுகளும் தாத்தாவின் பதினொரு மாடுகளும்

கடந்த செமஸ்டரில் ஆங்கில இலக்கிய வகுப்பில் ஆளுக்கு ஒரு கவிதையை எடுத்து விளக்க வேண்டும் என்று விரிவுரையாளர் சொன்னார். யாருக்கு எந்தக் கவிதை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். என் அறைத்தோழிக்குக் காதல் கவிதை வந்தது. எனக்கு வந்தது ஆடு மேய்க்கும் கவிதை.

எழுதியவர் ஆண்ட்ரூ பார்ட்டன் பேட்டர்சன். "பேன்ஜோ" என்ற புனைபெயரில் எழுதிய ஆஸ்திரேலியக் கவிஞர். கவிதையின் பெயர் "சால்ட்புஷ் பில்". வெளியான ஆண்டு 1894. பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு படித்துவிட்டு வந்தவள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆஸ்திரேலியக் காட்டுப்புற ஆங்கிலத்தில் பாதிச் சொல் எனக்குப் புரியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்தேன். மூன்றாம் இரவு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அறைத்தோழி பயந்துவிட்டாள்.

அந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன். அதைவிட, அந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் தாத்தா சொன்ன கதையைத்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சண்டையில் தோற்றவன் வென்ற கதை

பில் ஒரு ஆட்டு இடையன். ஆனால் நாம் நினைப்பதுபோல் பத்து இருபது ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன் அல்ல. ஆயிரக்கணக்கான செம்மறி ஆடுகளை நூற்றுக்கணக்கான மைல் தூரம் நடத்திச் செல்வது அவனைப் போன்றவர்களின் தொழில். வழியெல்லாம் பெரும் பண்ணைகள். அவற்றின் ஊடே அரசாங்கம் ஒதுக்கிய கால்நடைப் பாதை போகும். அந்தப் பாதைக்குச் சட்டம் உண்டு. ஆடுகள் ஒரு நாளில் 6 மைல் நகர்ந்தாக வேண்டும். அரை மைல் அகலப் பாதைக்குள் மட்டுமே மேயலாம். அதற்கு அப்பால் இருப்பது பண்ணைக்காரனின் புல்.

மழை பெய்து புல் நன்றாக வளர்ந்திருக்கும் இடத்தில் எந்த இடையனுக்கு 6 மைல் நடக்க மனம் வரும்? மெதுவாகப் போவான். ஆடுகள் "தாமாகவே" பரவிவிடும். பண்ணை ஆட்கள் குதிரையில் வந்து விரட்டுவார்கள். வாய்ச்சண்டை கைச்சண்டையாகும்.

ஒருநாள் பில்லின் ஆடுகளை விரட்ட வந்தவன் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கிய ஓர் இளைஞன். பண்ணை நிர்வாகம் கற்றுக்கொள்ள வந்தவன். நம் தோட்டப்புற மொழியில் சொன்னால் "சின்ன துரை". வார்த்தை முற்றி, இருவரும் குத்துச்சண்டையில் இறங்குகிறார்கள். பில் கைதேர்ந்த சண்டைக்காரன், நினைத்தால் உடனே முடித்துவிடலாம். ஆனால் முடிக்கவில்லை. இடம் மாறி மாறி நகர்கிறான், மூச்சு வாங்கிக்கொண்டு நேரத்தைக் கடத்துகிறான். சண்டை நீண்டுகொண்டே போகிறது. விரட்ட வந்தவர்கள் சண்டையில் மூழ்கியிருக்க, ஆடுகள் பண்ணையில் பரவி வயிறு நிறையத் தின்றுவிடுகின்றன. பிறகு பில் தோல்வியை ஒப்புக்கொள்கிறான்.

தான் பெரிய வீரன் ஒருவனை வீழ்த்திவிட்டதாகச் சின்ன துரைக்குப் பெருமை. தன் வாழ்நாளிலேயே நல்ல வேலை செய்தது சண்டையில் தோற்ற அந்த ஒரு நாளில்தான் என்று பில் போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். கவிதை அவ்வளவுதான்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு சட்டம்

விரிவுரையாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இதில் கேலி செய்யப்படுவது யார்?" என்பது. சின்ன துரை என்று சட்டென்று சொன்னேன். "அவ்வளவுதானா? போய் அந்தக் காலத்து நிலச் சட்டத்தைப் படித்துவிட்டு வா" என்றார். நூலகத்தில் ஒரு வாரம் போனது. ஆனால் அதற்குப் பிறகுதான் கவிதை முழுதாகப் புரிந்தது.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ சவுத் வேல்ஸ் காலனியில் சிலர் அரசாங்கத்தின் அனுமதி இல்லாமலேயே உள்நாட்டுக்குள் போய் நிலத்தில் ஆடுகளை இறக்கிவிட்டார்கள். இவர்களுக்கு "ஸ்குவாட்டர்" என்று பெயர். குந்தியிருப்பவர் என்று பொருள். காலப்போக்கில் குந்தியவர்களே பெரும் பண்ணையார்கள் ஆனார்கள். கம்பளி ஏற்றுமதியில் பணம் குவிந்தது. திட்டும் சொல்லாக இருந்த ஸ்குவாட்டர், மரியாதைக்குரிய சொல்லாகிவிட்டது.

பிறகு தங்கம் தேடி வந்த கூட்டம் பெருகியது. தங்கம் தீர்ந்ததும் அவர்களுக்கு நிலம் வேண்டியிருந்தது. 1861-இல் ஜான் ராபர்ட்சன் என்ற அரசியல்வாதி கொண்டுவந்த நிலச் சட்டங்கள் ஸ்குவாட்டர்களின் குத்தகை நிலத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டன. யார் வேண்டுமானாலும் 40 முதல் 320 ஏக்கர் வரை தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஏக்கர் ஒரு பவுன். அதில் கால் பங்கை முன்பணமாகக் கட்டினால் போதும். ஆனால் அந்த நிலத்தில் குடியிருக்க வேண்டும், நிலத்தை மேம்படுத்த வேண்டும். இப்படி நிலம் எடுத்தவர்கள் "செலக்டர்", அதாவது தேர்ந்தெடுத்தவர்.

கேட்பதற்கு நியாயமான சட்டம். நடந்ததோ வேறு. பண்ணையார்கள் தங்கள் வேலைக்காரர்களையும் உறவினர்களையும் பினாமியாக நிறுத்தி நிலத்தை வாங்கினார்கள். ஆற்றங்கரை, குளக்கரை என்று தண்ணீர் உள்ள துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டால், தண்ணீர் இல்லாத மிச்ச நிலத்தை வேறு யார் சீண்டுவார்கள்? நிலத்தின் கண்ணைப் பிடுங்கிக்கொள்வது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏமாற்ற, சக்கரம் வைத்த குடிசையைத் துண்டுக்குத் துண்டு உருட்டிக்கொண்டு போனார்கள் என்றும் கதை உண்டு. செலக்டர்களும் சளைத்தவர்கள் அல்லர். நிலத்தை எடுத்து, பண்ணையாருக்குத் தொல்லை கொடுத்து, நல்ல விலைக்கு அவரிடமே விற்றவர்கள் இருந்தார்கள். பக்கத்துப் பண்ணையின் மாட்டைத் தங்கள் மாடாக்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

சட்டத்தை இரு தரப்பும் ஏமாற்றிய இந்தக் காலத்தில்தான் 1880-இல் சிட்னியில் "தி புல்லட்டின்" வார இதழ் தொடங்கியது. காட்டுப்புற மக்களின் கதைப்பாடல்களை அது விரும்பி வெளியிட்டது. வேலி, புல், தண்ணீர், வழிதவறிய மாடு, வழக்கு என்று பாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

பேட்டர்சன் இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்தவர் அல்லர். 1864-இல் பிறந்த அவர் பண்ணையில் வளர்ந்தார். தந்தை நொடித்துப்போய்ப் பண்ணையை விற்க நேர்ந்தது. விற்ற பிறகு அதே இடத்தில் மேலாளராக வேலை பார்த்தார். நேற்றுவரை முதலாளி, இன்று சம்பளக்காரர். மகன் சிட்னியில் வழக்கறிஞர் ஆனார். 1889-இல் நில உரிமை முறையைச் சாடி ஒரு சிறு நூலும் எழுதினார். அந்த நூலை இன்று ஆராய்ச்சியாளர்கள்தான் தேடிப் படிக்கிறார்கள். சால்ட்புஷ் பில்லைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆஸ்திரேலியாவின் 10 டாலர் நோட்டில் பேட்டர்சனின் படம் இருக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு என் பதில் மாறியிருந்தது. ஒரு நாளைக்கு 6 மைல், அரை மைல் அகலம் என்று காகிதத்தில் கோடு போட்ட சட்டம்தான் முதலில் கேலிக்கு ஆளாகிறது. பசித்த ஆட்டுக்கு அரை மைல் எங்கே முடிகிறது என்று தெரியாது.

நம் இலக்கியத்திலும் இந்தக் குறும்பு உண்டு. முக்கூடற்பள்ளில் வயலுக்குச் சொந்தக்காரரை விட்டுவிட்டு, அதிகாரம் செய்யும் பண்ணைக்காரனைத்தான் புலவர் சிரிப்புக்கு ஆளாக்குகிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆயர் ஈத்தாமில் ஒரு சாயங்காலம்

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். ஆயர் ஈத்தாமைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலாயில் கறுப்புத் தண்ணீர் என்று பொருள். ஜொகூரில், வடக்கு தெற்கு சாலையும் பத்து பகாட், குளுவாங் சாலையும் சந்திக்கும் நாற்சந்தி ஊர். சாலை ஓரம் முழுக்க மண்பாண்டக் கடைகள். நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு சிங்கப்பூர் போகிற பஸ்களும் லாரிகளும் இங்கே நின்றுதான் போகும் என்பார் அப்பா.

ஆஸ்திரேலியாவுக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை தெற்கே இறங்கி வந்தபோது, ஆஸ்திரேலிய வீரர்கள் கிம்மாஸ், மூவார், யோங் பெங் என்று போரிட்டுப் பின்வாங்கி இந்த ஊர் வழியாகத்தான் சிங்கப்பூருக்குப் போனார்கள். அவர்களில் பலர் சின்ன வயதில் பேட்டர்சனைப் படித்திருப்பார்கள்.

வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் சால்ட்புஷ் பில்லின் கதையைத் தமிழில் சொன்னேன். வகுப்பில் பேசுவதற்கு ஒத்திகை பார்த்த மாதிரியும் ஆகும் என்று நினைத்தேன். ஆடுகள் பரவிய இடம் வந்ததும் தாத்தா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, பாட்டி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

"பாப்பா, இது நம்ம கதைம்மா. யாரு வெள்ளைக்காரனுக்குப் போய்ச் சொன்னது?" என்றார்.

தாத்தா பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் தோட்டத்து லயங்களில் மாடு வளர்ப்பது சாதாரணம். சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாகப் போகும். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் பால் விற்ற காசில்தான். தாத்தாவிடம் 11 மாடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் பெயரையும் இன்றும் வரிசையாகச் சொல்வார்.

1970-களில் அவர்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். புதுக் கன்றுகளுக்கு இடையே புல்லும் மூடுபயிரும் தளதளவென்று வளரும். மாடுகளுக்கு விருந்து. ஆனால் மாடு குருத்தைக் கடித்தால் கன்று போய்விடும். அதனால் புது நடவுத் தீம்பாருக்குள் மாடு போகக்கூடாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் மட்டும் மேய்க்கலாம். அங்கே புல்லே கிடையாது. லாலாங்தான்.

சாயங்காலம் கிராணி மோட்டார் சைக்கிளில் ரோந்து வருவார். மாடு உள்ளே இருந்தால் பட்டியில் அடைத்துத் தண்டம் போடுவார். கிராணியும் தமிழர்தான். சிவாஜி கணேசன் என்றால் உயிர்.

"நானும் சிவாஜி கட்சிதான். ஆனா கிராணி வர்ற நேரம் ரோட்டு ஓரத்துல நின்னுக்கிட்டு, எம்.ஜி.ஆர். மாதிரி உண்டான்னு ஆரம்பிப்பேன். கிராணிக்குத் தாங்காது. வண்டிய நிறுத்திருவாரு. கர்ணன், பாசமலர், தில்லானா மோகனாம்பாள்னு ஒவ்வொரு படமா எடுத்து வெச்சுப் பேசுவாரு. நான் விடாம மறுத்துப் பேசுவேன். இருட்டுற நேரம் பார்த்து, சரிங்கய்யா, சிவாஜிதான் பெரியவருன்னு ஒத்துக்குவேன். அவரு ஜெயிச்ச சந்தோசத்துல நேரா வீட்டுக்குப் போயிருவாரு. மாடெல்லாம் வயிறு பொடைச்சுக்கிட்டு லயத்துக்கு வந்துரும்."

பாட்டி குறுக்கே பேசினார். "ஒரு நாளு ரெண்டு நாளு இல்லே பாப்பா. ஏழெட்டு மாசம். அந்த மனுசனும் ஒவ்வொரு நாளும் ஜெயிச்சாரு."

ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பல பத்து ஆண்டு தள்ளி, பேட்டர்சனின் ஒரு வரியும் படிக்காத ஒருவர் அதே தந்திரத்தைச் செய்திருக்கிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாட்டு ஏதும் கட்டினீர்களா என்று கேட்டேன். இல்லாமலா? கிராணியின் மோட்டார் சைக்கிள், மீசை, சிவாஜி பக்தி எல்லாம் வைத்து நண்பர்கள் கும்மி மெட்டில் ஒரு பாட்டுக் கட்டி, மாரியம்மன் திருவிழா இரவில் பாடியிருக்கிறார்கள். லயமே சிரித்ததாம்.

பாட மறுத்த பாட்டு

கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, அந்தப் பாட்டைப் பாடுங்கள் தாத்தா என்றேன். அவர் முகம் மாறியது.

"அது வேணாம்மா" என்றார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். மாடுகள் ஒருமுறை நிறையக் கன்றுகளை நாசம் செய்துவிட்டன. நிர்வாகம் மாட்டுக்காரர்களைக் கேட்கவில்லை. பார்த்துக்கொள்ளத் தவறியதாகக் கிராணியின் சம்பளத்தில் பிடித்தது. அவருக்கும் நான்கு பிள்ளைகள். அந்த மாதம் அவர் மனைவி பாட்டியிடம்தான் அரிசி கடன் வாங்க வந்திருக்கிறார். திருவிழாவில் பாட்டுப் பாடியது அதற்கு இரண்டு வாரம் கழித்து.

"பாடினப்போ அது தெரியல. தெரிஞ்ச பிறகும் ரெண்டு தடவ பாடினோம். அவங்க பிள்ளைங்க இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்காங்க. நீ பேப்பர்ல எழுதினா பேரு போடாதே" என்றார்.

1982-இல் மாடு வளர்ப்பதற்கே தடை வந்தது. மூன்று மாதத் தவணை. 11 மாடுகளையும் அடிமாட்டு விலைக்கு விற்றார். கடைசி மாடு லாரியில் ஏறிய அன்று அவர் வேலைக்குப் போகவில்லை என்று பாட்டி சொன்னார். தடைக் கடிதத்தை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தவரும் அதே கிராணிதான். கையெழுத்துப் போட்டவரை லயத்தில் யாரும் பார்த்ததே இல்லை.

அன்று இரவு கவிதையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். இத்தனை நாள் கண்ணில் படாதது பட்டது. பில்லுக்கு அந்த ஆடுகள் சொந்தமில்லை. சின்ன துரைக்கு அந்தப் புல் சொந்தமில்லை. இரண்டு சம்பளக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஆட்டின் முதலாளியும் புல்லின் முதலாளியும் அந்தச் சண்டையில் ஓர் அடி கூட வாங்கவில்லை. முக்கூடற்பள்ளிலும் சிரிப்புக்கு ஆளாவது பண்ணைக்காரன்தான் என்றேனே, அதே கணக்கு. கேலிப்பாட்டு பெரும்பாலும் கைக்கு எட்டுகிற ஆளைத்தான் அடிக்கிறது. எட்டாத உயரத்தில் இருப்பவர் தப்பிவிடுகிறார்.

ஒரே சொல், மூன்று விதி

எனக்கு ஸ்குவாட்டர் என்ற சொல்லே பெரிய பாடமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் அது பணக்காரப் பண்ணையார். அதே ஆங்கில வேரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மலாய்ச் சொல் "செத்திங்கான்". இங்கே அது எந்த நேரமும் வீடு இடிக்கப்படலாம் என்று பயந்து வாழும் ஏழை. நம் தமிழ் நாளேடுகள் இவரைப் "புறம்போக்குவாசி" என்று எழுதுகின்றன. புறம்போக்கு என்பது வரி விதிக்காத பொது நிலத்துக்குத் தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் வழங்கும் சொல். இன்று அதை ஆளைத் திட்டவும் பயன்படுத்துகிறோம்.

அனுமதி இல்லாமல் ஆயிரக்கணக்கான ஏக்கரில் குந்தியவர் கனவான் ஆனார். ஒரு குடிசை போட்டவர் புறம்போக்கு ஆனார். இதில் யார் செய்தது பெரிய ஆக்கிரமிப்பு? என்னால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டில் தோட்ட மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுப் போனார்கள். மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தைவிட்டு மக்கள் மூட்டை கட்ட நேர்ந்தது. அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. தாத்தாவின் தோட்டம் அதில் சேரவில்லை. ஆனால் தாத்தாவின் அண்ணன் வேறு தோட்டத்தில் பங்கு வைத்திருந்தாராம். அந்தப் பங்குப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாராம்.

பாட்டில் இல்லாதவர்கள்

வகுப்பில் பேசி முடித்தேன். நன்றாகச் சிரித்தார்கள். சிவாஜி கதையையும் சேர்த்துக்கொண்டேன். மலாய், சீனத் தோழிகளுக்கும் புரிந்தது. எல்லாம் முடிந்ததும் விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் புல் பில்லுடையதும் இல்லை, பண்ணையாருடையதும் இல்லை என்று சொல்லக்கூடிய மூன்றாவது ஆள் யாராவது உண்டா?"

எனக்குப் பதில் தெரியும், ஆனால் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. அந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த பூர்வகுடி மக்கள். ஸ்குவாட்டர் வருவதற்கும் செலக்டர் வருவதற்கும் முன்பே அந்தப் புல்வெளிகளில் நடந்தவர்கள். சால்ட்புஷ் பில்லின் சண்டையில் அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகக்கூட இல்லை. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற எண்ணத்தின் மேல்தான் ஆஸ்திரேலியாவின் நிலச் சட்டம் நெடுங்காலம் நின்றது. 1992-இல்தான் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் அதை நிராகரித்தது. வழக்குத் தொடுத்த தோரஸ் நீரிணைத் தீவைச் சேர்ந்த எடி மாபோ, தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

அந்தத் தீர்ப்பு நம் ஜொகூருக்கும் வந்து சேர்ந்தது என்பதைத் தேடிப் படித்தபோதுதான் அறிந்தேன். கோத்தா திங்கி மாவட்டத்தின் லிங்கியு பகுதியில் அணை கட்டுவதற்காக நிலம் எடுக்கப்பட்டபோது, அங்கே வாழ்ந்த ஜாக்கூன் பூர்வகுடி மக்கள் ஜொகூர் மாநில அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். அடோங் பின் குவாவ் வழக்கு என்று அதற்குப் பெயர். ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் மாபோ தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, மூதாதையர் வாழ்ந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு, இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் மாநிலத்தில் நடந்த வழக்கு. 11 ஆண்டு பள்ளியில் படித்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஜொகூரின் கதையே குடியேறிகளின் கதைதான். ரப்பருக்கு முன்னால் ஆற்றங்கரைகளில் சீனர்கள் கம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். ஆற்றுக்கு ஒரு தலைவர், கையில் ஆட்சியாளர் தந்த ஆற்றுரிமைக் கடிதம். "கங்சு" முறை எனப்பட்ட அது 1917-இல் முடிவுக்கு வந்தது. பிறகு ரப்பர், பிறகு செம்பனை. ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கூட்டம் வந்தது. வந்தவர்கள் வந்தவர்களோடு எல்லைக்காகச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைப் பற்றித்தான் பாட்டும் கட்டினார்கள்.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது தாத்தாவிடம் கேட்டேன். "நம்ம தோட்டம் வர்றதுக்கு முன்னே அங்க யாரு இருந்தாங்க தாத்தா?"

யோசித்தார். "காடுதான்னு எங்கப்பா சொல்லுவாரு. காட்டுல யாரு இருந்தாங்கன்னு நாங்க கேட்டதில்லம்மா. எங்கள யாராச்சும் கேட்டாங்களா, நாங்க கேட்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டிலும் கேளுங்கள்

நண்பர்களே, கவிதை என்றால் தேர்வுக்கு அணி, நயம், மையக்கருத்து எழுதுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சிரிப்பூட்டும் ஒரு கதைப்பாடல் ஒரு நாட்டின் நிலச் சட்டத்தை நூலகத்தில் தேட வைக்கும் என்றோ, என் தாத்தாவை வாய்திறக்க வைக்கும் என்றோ எதிர்பார்க்கவில்லை. இனி ஒரு கேலிப்பாட்டைப் படித்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? சிரிப்புக்கு எட்டாத உயரத்தில் இருப்பவர் யார்? பாட்டுக்குள்ளேயே வராதவர் யார்?

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். அவர் பிறந்த தோட்டமோ கம்பமோ இன்று இல்லாமல் இருக்கலாம். அங்கே நடந்த வேலிச் சண்டை, மாட்டுச் சண்டை, அதற்குக் கட்டிய பாட்டு எல்லாம் அவர் நினைவில்தான் இருக்கும். முரசு நெடுமாறன் போன்றவர்கள் மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் லயத்தில் ஒரே ஒரு திருவிழா இரவில் பாடிய பாட்டு எந்தத் தொகுப்பிலும் வந்திருக்காது. கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யுங்கள். அவர் பாட மாட்டேன் என்றால், ஏன் என்று கேளுங்கள். எனக்குப் பாட்டைவிட அந்தக் காரணம்தான் அதிகம் கற்றுக்கொடுத்தது.

இப்போது எங்கள் வீடு தாமானில் கடைசி வரிசை. வீட்டுக்குப் பின்னால் வடிகாலை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு அரசாங்க நிலம் கிடக்கிறது. தாத்தா அதில் முருங்கையும் கறிவேப்பிலையும் பயிர் செய்திருக்கிறார். கிளை சாய்ந்த பக்கம் யார் பறிப்பது என்று பக்கத்து வீட்டுக்காரரோடு மாதம் ஒருமுறை வாக்குவாதம் நடக்கும். நிலம் இரண்டு பேருடையதும் இல்லை.

போன வாரம் பேசும்போது பாட்டி சொன்னார், "சண்டையில உங்க தாத்தாதான் தோத்துட்டாரு." தாத்தா பின்னாலிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.